சாம்பலில் காணாமற்போன ஒரு வரி

சென்ற ஆண்டு ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை ஒன்று அனுப்பியிருந்தேன். ஐதராபாத், செகந்திராபாத் கடைத்தெருக்களில் எந்தெந்த மொழிகள் எழுத்தாகக் கண்ணில் படுகின்றன என்பது அதன் பொருள். பெயர்ப்பலகைகளைப் படமெடுத்து, எந்த மொழி மேலே நிற்கிறது, எது கீழே இறங்கியிருக்கிறது, எது பெரிய எழுத்தில், எது ஓரத்தில் என்று வகைப்படுத்தும் வேலை. இதழ் கறுப்பு வெள்ளையில் அச்சாவதால் படங்களையும் அவ்வாறே மாற்றி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மாற்றினேன். ஒரு படத்துக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

சில மாதங்கள் கழித்து மதிப்பீட்டாளரின் குறிப்புகள் வந்தன. அவற்றுள் ஒன்று என்னைத் திடுக்கிட வைத்தது. மூன்றாம் படத்தை நான் மும்மொழிப் பலகை என்று குறித்திருக்கிறேன். ஆனால் படத்தில் தெலுங்கும் ஆங்கிலமும் மட்டுமே உள்ளன. மற்ற தரவுகளும் இப்படித்தான் வகைப்படுத்தப்பட்டனவா என்று கேட்டிருந்தார். கேள்வியில் தவறில்லை. அச்சுப்படியை எடுத்துப் பார்த்தேன். உருது இல்லை. கடைக்கு முன்னால் நின்று என் கண்ணால் படித்த வரி, என் மூலப்படத்தில் பளிச்சென்று இருக்கும் வரி, கட்டுரையில் இல்லை.

அந்தப் பலகை பச்சை நிறம். தெலுங்கும் ஆங்கிலமும் வெள்ளையில். கீழே உருது சிவப்பில். மூலப்படத்தில் சிவப்பெழுத்தின் மேல் அளவியை வைத்துப் பார்த்தேன்: சிவப்பு 220, பச்சை 30, நீலம் 30. பலகையின் பச்சை: 20, 125, 65. நான் பயன்படுத்திய மென்பொருள் சாம்பலைக் கணக்கிடும் முறை பரவலாகப் புழங்குவதுதான்: சிவப்பின் 0.299 பங்கு, பச்சையின் 0.587 பங்கு, நீலத்தின் 0.114 பங்கு ஆகியவற்றின் கூட்டுத்தொகை. கணக்கிட்டுப் பாருங்கள். எழுத்துக்கு 87 வருகிறது. பலகைக்கும் 87 வருகிறது. ஒரு மொழி தன் பின்னணியோடு பின்னணியாகக் கரைந்துவிட்டது.

மொழியியல் மாணவருக்கு இது புதிய நிகழ்வன்று. இரண்டு ஒலியன்கள் வேறுபாடிழந்து ஒன்றாவதை இணைவு என்கிறோம். ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்ட பேச்சு வழக்கில் வாழையும் வாளையும் காதுக்கு ஒன்றே. மரமா மீனா என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும். நிறத்தைச் சாம்பலாக்குவது இதைவிடப் பெரிய இணைவு. சாதாரண எண்மப் படத்தில் ஒரு பிக்சலின் நிறத்தை மூன்று எண்கள் குறிக்கின்றன. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஆக 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள். அவையனைத்தும் 256 சாம்பல்களுக்குள் அடங்க வேண்டும். சராசரியாக ஒரு சாம்பலுக்கு 65,536 நிறங்கள். மூன்று எண்களை ஒன்றாக்கும் எந்தக் கணக்கும் சில வேறுபாடுகளைக் காக்கும், சிலவற்றை விழுங்கும். எதை விழுங்கலாம் என்று யார் முடிவு செய்தார்கள்? அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கடந்த சில மாதங்களாக ஆய்வேட்டை எழுதுவதற்குப் பதிலாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் முடிவு செய்தது வேதியியல். 1839-ல் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோதும், 1851-ல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டபோதும் தகட்டில் வேலை செய்தவை வெள்ளி உப்புகளே. அவை நீலத்துக்கும் ஊதாவுக்கும் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிருக்கும் உடனே இணங்குபவை. பச்சைக்கு மிகச் சிறிதே இணங்கும். சிவப்புக்கு ஏறக்குறையக் குருடு. எனவே அக்காலப் படங்களில் நீலவானம் வெறும் வெள்ளைத் தாளாக நிற்கும். மேகம் இருந்தாலும் தெரியாது. பச்சை இலை கருத்துப்போகும். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1850-களில் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு வேறொரு நெகட்டிவ் என இரண்டை ஒட்டி அச்சிட்டது இதனால்தான்.

தமிழ் படித்தவர்கள் இவ்விடத்தில் லின்னேயஸ் ட்ரைப்பை நினைக்க வேண்டும். சென்னை மாகாண அரசுக்காக 1858-ல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படமெடுத்த இராணுவ அதிகாரி அவர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அதே ட்ரைப் தம் காகித நெகட்டிவ்களின் மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். மரங்களின் இலைத்திரளையும் தொட்டுச் சரிசெய்தார். ஆவணம் என்றே நாம் கொள்ளும் படங்களில்கூட வேதியியல் விழுங்கியதைக் கை மீட்டுத் தந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

மேகத்தோடு நிற்கும் செய்தியானால் இதை ரசனைக் குறிப்பாக விட்டுவிடலாம். ஆனால் அதே தகடுகள் மனிதர்களையும் படமெடுத்தன. பம்பாயில் 1854-லும் கல்கத்தாவிலும் சென்னையிலும் 1856-லும் புகைப்படச் சங்கங்கள் தோன்றின. 1868 முதல் 1875 வரை ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், ஜான் வில்லியம் கே ஆகியோரின் பொறுப்பில் ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. துணைக்கண்டத்தின் மக்களைச் சாதி, இனம் என்று அடுக்கிக் காட்டிய படத்தொகுப்பு அது. அந்தத் தலைமுறைத் தகட்டின் இயல்பை நினைத்துப் பாருங்கள். தோலின் நிறமியான மெலனின் நீலத்தையும் புற ஊதாவையும் பெரிதும் உறிஞ்சிக்கொள்கிறது. நீலத்தை மட்டுமே காணும் தகட்டின் முன் நின்ற பழுப்புத் தோல், கண்ணுக்குத் தெரிந்ததைவிடக் கருமையாகவே பதிந்தது. மஞ்சள் தோய்ந்த புடவையும் குங்குமமும் கருத்தன. வெளிர்நீலத் துணி வெள்ளையாயிற்று. அக்காலப் படமொன்றை வைத்து ஒரு சமூகத்தின் தோல் நிறத்தையோ உடையின் நிறத்தையோ பேசும் கட்டுரைகளை இன்றும் பார்க்கிறோம். அப்படத்தின் கருமையில் மனிதரின் பங்கு எவ்வளவு, தகட்டின் பங்கு எவ்வளவு என்று பிரிக்காமல் அதைச் சான்றாக வைப்பது, மதிப்பீட்டாளர் என்னிடம் சுட்டிய அதே பிழைதான். திசை மட்டுமே வேறு. என் படத்தில் இருந்தது மறைந்தது. அங்கே இல்லாதது ஏறியது.

அடுத்த திருப்பம் 1873-ல் பெர்லினில் நிகழ்ந்தது. வேதியியலாளர் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், தம்மிடமிருந்த சில தகடுகள் பச்சை ஒளிக்கும் எதிர்பாராத வகையில் இணங்குவதைக் கண்டார். தகட்டில் சேர்ந்திருந்த சாயமே அதற்குக் காரணம் என்பதைப் பிடித்துக்கொண்டார். எந்த நிற ஒளியைச் சாயம் உறிஞ்சுகிறதோ அந்நிறத்துக்கு வெள்ளி உப்பு கண்திறக்கிறது. இதிலிருந்து பச்சையையும் காணும் ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் பிறந்தன. சிவப்பையும் சேர்த்து எல்லா நிறத்தையும் காணும் பான்குரோமாட்டிக் தகடுகளை 1906-ல் இங்கிலாந்தின் ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எல்லா நிறமும் பதியத் தொடங்கிய பிறகு, எந்த நிறம் வெளுக்க வேண்டும், எது கறுக்க வேண்டும் என்ற அதிகாரம் படமெடுப்பவர் கைக்கு வந்தது. லென்சுக்கு முன் வைக்கும் வண்ணக் கண்ணாடிதான் கருவி. விதி எளியது: ஃபில்டர் தன் நிறத்தை வெளுப்பாக்கும், எதிர்நிறத்தைக் கருப்பாக்கும். 1927 ஏப்ரலில் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் பாறையின் எதிரே நின்ற ஆன்செல் ஆடம்ஸ் முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒரு தகட்டைப் பதித்தார். தம் மனத்தில் இருந்த வானம் அதில் வராது என்று தோன்றியது. மீதமிருந்தது ஒரே தகடு. அடர்சிவப்பு ஃபில்டரை மாற்றி அதைப் பதித்தார். வானம் ஏறக்குறைய நள்ளிரவாகி, பனியும் பாறையும் அதன்மேல் எழுந்து நின்றன. கண்ணுக்குத் தெரிந்தது நண்பகல் நீலந்தான். ஆடம்ஸ் அதை மறைக்கவில்லை. எந்த ஃபில்டர், ஏன் என்பதை விளக்கி எழுதினார். ஆனால் அந்த முடிவில் திரும்பிச் செல்ல வழியில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஷட்டர் மூடியபின் அந்தத் தகட்டிலிருந்து நீலவானத்தை யாராலும் மீட்க முடியாது.

மூன்றாவதாக முடிவு செய்தது ஒரு குழு. அமெரிக்காவில் 1953-ல் வண்ணத் தொலைக்காட்சிக்கான தரம் ஏற்கப்பட்டபோது ஒரு சிக்கல் இருந்தது. வீடுகளில் ஏற்கெனவே கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் இருந்தன; அவற்றிலும் புதிய ஒளிபரப்பு தெரிந்தாக வேண்டும். ஆகவே வண்ணத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனியே அனுப்பினார்கள். வெளிச்சத்தை எப்படிக் கணக்கிடுவது? நம் கண்ணுக்குப் பச்சையே மிகுந்த வெளிச்சமாகப் படுகிறது, நீலம் மிகக் குறைவாக. அதற்கேற்பச் சிவப்புக்கு 0.30, பச்சைக்கு 0.59, நீலத்துக்கு 0.11 என்று எடை வகுத்தார்கள். என் உருது வரியை விழுங்கிய எண்களின் பிறப்பிடம் இதுதான்.

இந்தியாவுக்கு வேறு ஒளிபரப்பு முறை வந்தது. ஆனால் வெளிச்சத்தின் எடைகள் அவையே. 1982-ல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு தொடங்கியபின்னும், அடுத்த பல ஆண்டுகள் நாட்டின் பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே இருந்தன. செய்தி வாசிப்பவரின் புடவை அன்று என்ன நிறம் என்று தெருவில் பந்தயம் கட்டியதாக என் தாயார் சொல்வார். வண்ணப் பெட்டி வைத்திருந்த ஒரே வீட்டில் போய்க் கேட்டால்தான் விடை. ஒரு தலைமுறை முழுவதும் அந்த மூன்று எண்களின் வழியாகவே உலகைப் பார்த்தது. அவை இருப்பதே தெரியாமல்.

இனி கணினி. 1987-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் நோல் என்ற முனைவர் பட்ட மாணவர், தம் மேக்கின்டாஷ் கணினியின் ஒற்றை நிறத் திரை சாம்பல் படங்களைக் காட்டாததால் அதற்கென ஒரு சிறு நிரலை எழுதத் தொடங்கினார். திரைப்பட நுட்பத் துறையில் இருந்த தம்பி ஜான் நோல் அதில் ஆர்வம் கொண்டார். அந்நிரலே வளர்ந்து 1990-ல் அடோபி நிறுவனத்தின் வழியே போட்டோஷாப்பாக வெளிவந்தது. சாம்பலைத் திரையில் காட்டும் முயற்சியில் பிறந்த மென்பொருள் அது என்பதையும், ஆய்வேட்டுக்கு நடுவே வேறு வேலை பார்த்த ஒருவரால் பிறந்தது என்பதையும் என் நெறியாளர் படிக்கக்கூடும் என்பதற்காகவே இங்கே பதிகிறேன்.

தொடக்கப் பதிப்புகளில் நிறத்தை மாற்றினால் பிக்சல்களே மாறின. சேமித்து மூடிவிட்டால் பழைய நிறம் போயிற்று. ஆடம்சின் தகட்டைப் போலத்தான். 1994-ல் லேயர் எனும் அடுக்குகள் வந்தன. 1996-ல் நான்காம் பதிப்பில் வந்தது அட்ஜஸ்ட்மென்ட் லேயர். இதைத் திருத்த அடுக்கு என்று சொல்லலாம். இந்த அடுக்கில் படம் எதுவும் இல்லை. கட்டளை மட்டுமே இருக்கிறது. கீழே உள்ள மூலப்படம் தொடப்படுவதில்லை. அதன்மேல் விரிக்கப்பட்ட வண்ணக் கண்ணாடியைப் போல அடுக்கு நிற்கிறது. கண்ணாடியை மாற்றலாம், மங்கலாக்கலாம், எடுத்தும் விடலாம். படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் அதைச் செலுத்த மாஸ்க் உண்டு. ஆடம்ஸ் லென்சுக்கு முன்னால் வைத்த ஃபில்டர், எழுபது ஆண்டு கழித்து, படமெடுத்து முடிந்த பின்னர் வைக்கக்கூடியதாயிற்று. முடிவு அழியாமல் முடிவாகவே சேமிக்கப்படுகிறது என்பதே இதன் வரலாற்று முக்கியத்துவம் என்று கருதுகிறேன்.

சாம்பலாக்க இந்த அடுக்குகளில் மூன்று வழிகள் பழக்கத்தில் உள்ளன. மூன்றும் மூன்று விதமான தீர்ப்புகள்.

முதல் வழி, ஹியூ சாச்சுரேஷன் அடுக்கில் நிறச்செறிவைச் சுழியாக்குவது. இது ஒவ்வொரு பிக்சலின் மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்குகிறது. கண்ணின் இயல்பைக் கருதுவதே இல்லை. தூய சிவப்பு, தூய பச்சை, தூய நீலம், தூய மஞ்சள் நான்கும் ஒரே நடுச்சாம்பலாகிவிடும். எளிதானது என்பதால் பலரும் இதையே செய்கிறார்கள்.

இரண்டாவது, 1998-ல் ஐந்தாம் பதிப்பில் வந்த சேனல் மிக்சர். மோனோகுரோம் என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களில் எது எவ்வளவு என்று நாமே எடை போடலாம். மூன்றின் கூட்டுத்தொகை 100-ஐ ஒட்டி இருந்தால் மொத்த வெளிச்சம் பெரிதும் மாறாது. சிவப்புக்கு 100, மற்றவற்றுக்குச் சுழி என்றால் அது சிவப்பு ஃபில்டர். நீலத்துக்கு மட்டும் 100 கொடுத்துப் பாருங்கள்: வானம் வெளுக்கும், முகங்கள் கருக்கும், மேகம் மறையும். கொலோடியன் தகட்டின் பார்வைக்கு அது அருகில் வருகிறது. வகுப்பில் இதை ஒருமுறை செய்து காட்டினால் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களை மாணவர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

மூன்றாவது, 2007-ல் சிஎஸ்3 பதிப்பில் வந்த பிளாக் அண்ட் ஒயிட் அடுக்கு. சிவப்பு, மஞ்சள், பச்சை, சயான், நீலம், மெஜந்தா ஆகிய ஆறுக்கும் தனித்தனித் தள்ளுகோல்கள். மிக நுட்பமான கருவி. ஆனால் அதைத் திறந்தவுடன் நிற்கும் இயல்பு எண்களில் சிவப்புக்கும் பச்சைக்கும் 40தான். அதாவது தூய சிவப்பும் தூய பச்சையும் ஒரே சாம்பலாகும். எண்களைத் தொடாமல் விடுவதும் ஒரு தேர்வுதான். நமக்காக வேறொருவர் செய்து வைத்த தேர்வு.

என் பலகைக்குத் திரும்புகிறேன். சேனல் மிக்சரில் சிவப்பை மட்டும் எடுத்தால் உருது எழுத்து 220, பலகை 20. வரி பளிச்சென்று மீண்டு வந்தது. அனுப்பிவிடலாம் என்று கை போயிற்று. ஆனால் தெலுங்கும் ஆங்கிலமும் வெள்ளை எழுத்துகள். இந்தப் படத்தில் உருதும் ஏறக்குறைய வெள்ளையாகி, மூன்று மொழிகளும் சமமாக ஒளிர்ந்தன. தெருவில் அப்படி இல்லை. அங்கே உருது தனித்த நிறத்தில், அடங்கிய வெளிச்சத்தில், கண் தேடிப் பிடிக்க வேண்டியதாய் இருக்கிறது. எந்த மொழி எவ்வளவு முன்னிற்கிறது என்பதுதான் என் ஆய்வின் கேள்வியே. இல்லாத மொழியாக்கியது முதல் படத்தின் பொய்; சம மொழியாக்குவது இரண்டாம் படத்தின் பொய். பச்சைச் சேனலை மட்டும் எடுத்தேன். எழுத்து 30, பலகை 125. வெள்ளை வரிகளுக்குக் கீழே ஒரு கருவரி, படிக்கும்படி, ஆனால் பின்வாங்கி. கண் கண்டதற்கு இதுவும் சமமன்று. கண் கண்டது வெளிச்ச வேறுபாடே இல்லாத நிற வேறுபாடு. சாம்பலில் அதைச் சொல்ல வழியில்லை. ஆயினும் மூன்றில் குறைவாகப் பிறழ்வது இதுவே என்று முடிவு செய்தேன். அது என் முடிவு என்பதைப் படக்குறிப்பில் எழுதினேன்.

ஆய்வு மாணவர்களாகிய நாம் சுவடியின் சிவப்பு மைக் குறிப்புகளையும், நிறமிட்ட நிலப்படங்களையும், கொடிகளையும் சுவரொட்டிகளையும் நாள்தோறும் சாம்பலாக்குகிறோம். பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் தராத பதிப்பை நாம் நம்புவதில்லை. சாம்பலாக்கம் மட்டும் ஏன் அடிக்குறிப்பின்றி நடக்கிறது? நான் எனக்கு வகுத்துக்கொண்ட நடைமுறை சிறியது. வண்ண மூலத்தை ஒருபோதும் அழிப்பதில்லை. மாற்றத்தைத் திருத்த அடுக்காகவே வைத்து, அடுக்குகளை ஒன்றாக்காத கோப்பைத் தனியே சேமிக்கிறேன். இதழுக்குப் போவது அதன் நகல். சான்றாக வைக்கும் படத்தில் மாஸ்க் போடுவதில்லை. முழுப் படத்துக்கும் ஒரே எடை. அந்த எடையைப் படக்குறிப்பில் ஒரு வரியாகச் சேர்க்கிறேன். பத்துச் சொற்களுக்கு மேல் ஆகாது.

இறுதியாக, இந்தப் படிப்பில் என்னை நெடுநேரம் நிறுத்திய ஒரு செய்தி. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பே இன்றைய பெரும்பாலான கேமராக்களில் உள்ளது. அதன் உணரியில் ஒவ்வொரு புள்ளிக்கு மேலும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒரு நிறக் கண்ணாடி. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை. கீழே உள்ள புள்ளி நிறமறியாது, வந்த ஒளியின் அளவை மட்டுமே எண்ணும். பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிட்டுக் கேமரா நிறத்தை ஊகித்து நிரப்புகிறது. ஆக, நாம் மூலம் என்று போற்றும் வண்ணப்படமே சாம்பலிலிருந்து கூட்டப்பட்டதுதான். சாம்பலிலிருந்து நிறம், நிறத்திலிருந்து மறுபடி சாம்பல். இரு வழியிலும் நடுவே ஒரு கணக்கு நிற்கிறது.

திருத்திய கட்டுரை இப்போது மதிப்பீட்டாளரிடம் இருக்கிறது. மூன்றாம் படத்தின் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: “மும்மொழிப் பலகை. மூலம் வண்ணம், பச்சைச் சேனல் மட்டும் கொண்டு கறுப்பு வெள்ளையாக்கப்பட்டது. மூன்றாம் வரி மூலத்தில் சிவப்பு.”